ஈரத்துணி சுற்றிய பம்ப்

ஒரு ஊரில் ஒரு கார் இருந்தது. ஊர் கோயம்புத்தூர். காருக்கு வயது அறுபத்து மூன்று. வெண்ணெய் நிறம், உருண்ட முதுகு, கதவைச் சாத்தினால் பீரோவைச் சாத்தியது போல ஒரு சத்தம். சொந்தக்காரர் நாச்சிமுத்து, வெட் கிரைண்டர் செய்யும் சிறிய கம்பெனி நடத்துகிறவர். கம்பெனியில் பன்னிரண்டு பேர் வேலை பார்த்தார்கள். காரின் பானெட்டுக்கு அடியிலும் ஏறக்குறைய அத்தனை பேர்தான். ஆனால் இவர்களுக்கு வாய் அதிகம்.

இவர்களில் பெட்ரோல் பம்ப்பின் கதைதான் இது. உள்ளங்கையில் அடங்குகிற சாமான். இன்ஜினின் இடுப்பில் ஒட்டிக்கொண்டு, பின்னால் டிக்கிக்கு அடியில் கிடக்கும் டேங்க்கிலிருந்து பெட்ரோலை இழுத்து, மேலே உட்கார்ந்திருக்கும் கார்ப்ரேட்டருக்கு ஊட்டுவது அதன் வேலை. அதன் வயிற்றுக்குள் ஒரு மெல்லிய ரப்பர் தோல் மேலும் கீழும் போய்வரும். அந்தத் தோல்தான் பம்ப்பின் உயிர். தன் வேலையைப் பற்றி பம்ப்புக்கு எந்தச் சந்தேகமும் கிடையாது.

“இழுக்கச் சொன்னா இழுப்பேன். டேங்க்கைக் கொண்டுபோய்ப் பாலக்காட்டுல வெச்சாலும் இழுப்பேன்” என்று சொல்லும். கொஞ்சம் கூடுதலான பேச்சுதான். ஆனால் வேலை தெரிந்தவர்கள் அப்படித்தான் பேசுவார்கள், விட்டுவிடலாம்.

ஆயுத பூஜை முடிந்த இரண்டாவது வாரம் வம்பு ஆரம்பித்தது. கார் அரை மணி நேரம் ராஜா மாதிரி ஓடும். பிறகு இரண்டு தரம் இருமும், ஒரு தரம் குலுங்கும், அப்படியே நின்றுவிடும். பத்து நிமிஷம் நிறுத்தி எதையாவது நோண்டினால் மறுபடி கிளம்பும். மறுபடி அரை மணி நேரம் ராஜா. மறுபடி இருமல்.

மெக்கானிக் அமானுல்லாவுக்குப் போத்தனூரில் ஷெட். பழைய கார் என்றால் ஊரே அவரைத்தான் கை காட்டும். இன்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுகிற காது அவருக்கு. அந்தக் காதுக்கே இது பிடிபடவில்லை.

“சூடானதுமே நிக்குதுங்ணா. பிளக்குக்குக் கரண்ட் குடுக்கற காயில்தான் போயிருக்கும்” என்று முதல் வாரம் காயிலை மாற்றினார். ஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒரு வார்த்தை சொன்னார். “அண்ணா, பெட்ரோல் எவ்வளவு இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க.”

நாச்சிமுத்து பின்பக்கம் போய் டேங்க் மூடியைத் திறந்து, ஒரு குச்சியை உள்ளே விட்டுப் பார்த்தார். “அரை டேங்க்கு கெடக்குது பாய்” என்று சொல்லி மூடியைத் திருகிவிட்டு வந்தார். கார் ஒரே தட்டில் கிளம்பியது. புதுக் காயிலுக்குத் தலைகால் புரியவில்லை. “வந்தேன், சரி பண்ணேன்” என்று பிளக்குகளிடம் பீற்றிக்கொண்டது. உக்கடம் தாண்டுவதற்குள் கார் நின்றது.

இரண்டாம் வாரம் கார்ப்ரேட்டரைக் கழற்றி, ஒவ்வொரு துளையாகக் காற்றடித்துச் சுத்தம் செய்தார். அன்றும் நாச்சிமுத்து போய்க் குச்சி விட்டுப் பார்த்தார். அன்றும் ஒரே தட்டில் கிளம்பியது. கார்ப்ரேட்டர் பழைய பெருமைக்காரர். “என்னைக் கழுவினா வண்டி ஓடும்னு இப்பவாவது தெரிஞ்சுதே” என்று கனைத்தது. அந்தக் கனைப்பும் அரை மணி நேரம்தான்.

மூன்றாம் வாரம் பம்ப்பின் முறை. “வெயிலுக்குப் பம்ப்பு சூடேறி, உள்ளே பெட்ரோல் ஆவியாகி அடைக்குதுங்ணா” என்று சொல்லி, அமானுல்லா ஒரு ஈரத்துணியை எடுத்துப் பம்ப்பின் தலையில் சுற்றிக் கட்டினார். காய்ச்சல்காரனுக்கு நெற்றியில் போடுவது போல இருந்தது. பம்ப்புக்கு மானம் போய்விட்டது.

“எனக்கு ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்று அது துணிக்குள்ளிருந்து கத்தியது. பிளக்குகள் நான்கும் சிரித்தன. துணியோடு கிளம்பி ஊரைச் சுற்றிய கார் சுந்தராபுரத்தில் நின்றது.

இத்தனையும் பார்த்த அமானுல்லா ஒரே ஒரு சாமானை மட்டும் தொட்டதில்லை. அது டேங்க் மூடி.

அந்த மூடியின் கதை தனி. காரின் இடது பின்பக்கம், வெளியே, எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் அது உட்கார்ந்திருந்தது. இந்த வருஷம்தான் புதிதாகப் பளபளவென்று முலாம் பூசியிருந்தார்கள். ஆயுத பூஜையன்று நாச்சிமுத்துவின் மனைவி தெய்வானை கம்பெனியில் இருந்த கடைசல் மெஷின், டிரில்லிங் மெஷின், தராசு, ஸ்பேனர் வரைக்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு, கடைசியில் காருக்கு வந்தார். எப்போதும் பானெட்டில்தான் வைப்பார். இந்தத் தடவை வட்டமாக, முகம் மாதிரி மின்னிய மூடியைப் பார்த்ததும் மனசு நிறைந்து, அதன் நட்டநடுவில் தாராளமாக ஒரு பொட்டு வைத்தார். நன்றாக இருக்கிறதே என்று அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தோறும் வைத்தார். காய்ந்த சந்தனத்தின் மேல் புதுச் சந்தனம், அதன் மேல் குங்குமம். ஆறு வெள்ளிக்கிழமையில் பொட்டு, சின்ன வடை அளவுக்குத் தடித்துவிட்டது.

மூடிக்கு அதிலிருந்து நடையே மாறிப்போனது. நடக்க முடியாது என்பது வேறு விஷயம்.

ஆறாவது வாரம் ஒரு மத்தியானம், நாச்சிமுத்துவும் தெய்வானையும் ஒரு விசேஷத்துக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ரயில்வே கேட் திறந்திருந்தது. கார் தண்டவாளத்தின் மேல் ஏறியது, இரண்டு தரம் இருமியது, நின்றது. அதே நேரத்தில் கேட்டில் மணி அடிக்க ஆரம்பித்தது. நாச்சிமுத்து சாவியைத் திருகுகிறார், திருகுகிறார், ஒன்றும் நடக்கவில்லை. கேட்காரரும் பைக்கில் வந்த இரண்டு பேரும் ஓடிவந்து தள்ளியதில் கார் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. ரயில் போனபோது தெய்வானை இன்னும் பின்சீட்டில்தான் இருந்தார். பயத்தில் அவருக்குக் கதவைத் திறக்கக்கூடக் கை வரவில்லை.

மறுநாள் நாச்சிமுத்து காரைப் போத்தனூருக்கு இழுத்துக்கொண்டு வந்து விட்டார். “போதும் பாய். இந்த இன்ஜினக் கழட்டி எறிஞ்சுட்டு டீசல் இன்ஜின் எறக்கிருங்க. எனக்குத் தெய்வானைதான் முக்கியம். காரு இல்ல.”

அமானுல்லா பானெட்டின் மேல் கை வைத்து நின்றார். “அண்ணா, இந்த இன்ஜினுக்கு ஒரு கொறையும் இல்லீங்க. எனக்குத்தான் புடிபடல. ஞாயித்துக்கிழமை பொள்ளாச்சி வரைக்கும் போய்ட்டு வருவோம். வழியில ஒரே ஒரு தடவை நின்னாலும் திங்கக்கிழமை நானே கழட்டறேன்.”

“சரி. பேச்சு மாறக் கூடாது.”

“மாறாதுங்ணா.”

சனிக்கிழமை மத்தியானம் அமானுல்லா சாப்பிடப் போனதும், திறந்த பானெட்டுக்குள் ஒரே அமளி. டீசல் வந்தால் கார்ப்ரேட்டர், காயில், பிளக்குகள், பம்ப் எல்லாருக்கும் காயலாங்கடைதான். அது எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

“எல்லாம் இந்தக் காயிலால வந்தது” என்றது கார்ப்ரேட்டர்.

“நான் வந்து ரெண்டு மாசம்கூட ஆகல. அதுக்கு முன்னாடியே வண்டி நின்னுச்சே, அது யாரால? உங்க மூக்குலதான் எப்பவும் தூசி” என்றது காயில்.

“எங்களுக்கு நேரத்துக்குச் சோறு வந்தா நாங்க நெருப்பு தருவோம். சோறு வரலீன்னா நாங்க என்ன பண்றது?” என்றன பிளக்குகள் ஒரே குரலில்.

“சோறு எனக்கே வரலியே” என்றது கார்ப்ரேட்டர். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அதற்கே உறைத்தது. எல்லாரும் திரும்பிப் பம்ப்பைப் பார்த்தார்கள்.

பம்ப் ஈரத்துணிக்குள்ளிருந்து நிதானமாகப் பேசியது. “பாக்கறதுன்னா நல்லாப் பாருங்க. நான் இழுக்கறதுல ஒரு குத்தமும் கிடையாது. முதல் பத்து நிமிஷம் பெட்ரோல் சுளுவா வருது. அப்புறம் போகப் போக, அந்தப் பக்கம் யாரோ கயித்தைப் புடிச்சு இழுக்கற மாதிரி இருக்கு. நான் ஒரு இழு இழுத்தா, அந்தப் பக்கம் ஒரு இழு. கடைசியில ஒரு சொட்டும் வராது. ஆனா நாச்சிமுத்து பின்னால போய்க் குச்சி விட்டுப் பாத்தாரோ இல்லியோ, கயிறு சட்டுனு தளர்ந்துருது. ஆறு வாரமா இதேதான். காயில் மாத்தின அன்னிக்கும் குச்சி விட்டாரு. கார்ப்ரேட்டர் பெரியவரைக் கழுவின அன்னிக்கும் குச்சி விட்டாரு. வண்டி கிளம்பினது உங்களாலயா, குச்சியாலயான்னு யாராவது யோசிச்சீங்களா?”

கார்ப்ரேட்டர் கனைக்கவில்லை.

பம்ப், காரின் அடிவயிற்றோடு ஓடும் நீளக் குழாய் வழியாகப் பின்பக்கம் குரல் கொடுத்தது. “டேங்க்கு அண்ணா, உனக்கு என்ன ஆகுது அங்க?”

டேங்க் அடிக்குரலில் முனகியது. “நீ இழுக்கும்போது என் வயிறு ஒட்டுது தம்பி. உள்ள பெட்ரோல் கொறையுது. அந்த எடத்துக்கு வேற ஒண்ணும் வரமாட்டேங்குது. காலியா இருக்கற எடம் என்னைய உள்ளுக்குள்ள சுருட்டிப் புடிக்குது. நான் எப்படி உனக்குக் குடுக்கறது?”

“ஆறு வாரமா இதை ஏன் சொல்லல?”

“தலைக்கு மேல உக்காந்திருக்கறது யாருன்னு பாத்தியா? சாமி பொட்டு வெச்சவரு. அவரைப் போய் நான் என்ன சொல்ல?”

மேலேயிருந்து மூடியின் குரல் கணீரென்று வந்தது. “என் பேரு ஏன் அடிபடுது? என்னால ஒரு சொட்டு சிந்தியிருக்கா? தூசி உள்ள போயிருக்கா? மெக்கானிக்கே என் மேல கை வைக்கறதில்ல. உங்களை எல்லாம் கழட்டி மண்ணெண்ணெயில போட்டுக் கழுவறாரே, என்னைத் தொட்டிருக்காரா? அதுலயே தெரியலியா யாருகிட்ட கோளாறுன்னு?”

மூடி இன்னும் ஒரு வார்த்தை சேர்த்தது. “டீசல் வந்தாலும் டேங்க் இருக்கும். டேங்க் இருந்தா நானும் இருப்பேன். கவலையெல்லாம் உங்களுக்குத்தான்.”

பம்ப்புக்கு அந்தக் கடைசிப் பேச்சுதான் சுட்டது. ‘எது நடந்தாலும் தனக்கு ஒன்றும் ஆகாது என்று தெரிந்தவனிடம் போய் நியாயம் கேட்டுக்கொண்டிருக்கிறோமே’ என்று நினைத்துக்கொண்டது.

“டேங்க்கு அண்ணா, நீ பேச வேண்டாம். நாளைக்கு உனக்கு வலிச்சா மறைக்காம இரு, அது போதும். நான் இதுவரைக்கும் கயிறு இறுகினா மரியாதைக்கு விட்டுக்குடுத்துட்டு இருந்தேன். நாளைக்கு விடமாட்டேன்.”

“தோலு கிழிஞ்சுரும்டா” என்றது கார்ப்ரேட்டர். முதல் தடவையாக அதன் குரலில் பாசம் இருந்தது.

“கிழிஞ்சா கிழியட்டும் பெரியவரே. ஆனா கிழியாது. எனக்கு என் தோலைத் தெரியும்.”

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினார்கள். நாச்சிமுத்து ஓட்டினார், பக்கத்தில் அமானுல்லா. தெய்வானையை வர வேண்டாம் என்று நாச்சிமுத்து சொல்லிப் பார்த்தார். “வழியில ரயில்வே கேட்டு இல்லீல்ல? நானும் வருவேன்” என்று பின்சீட்டில் ஏறிக்கொண்டார். வெள்ளிக்கிழமைச் சந்தனம் மூடியின் மேல் புதுசாக இருந்தது.

ஈச்சனாரி தாண்டியது. ஒத்தக்கால்மண்டபம் தாண்டியது. பம்ப்புக்குக் கயிறு இறுகத் தொடங்கியது. எப்போதும் விட்டுக்கொடுக்கிற இடம் வந்தது. பம்ப் விடவில்லை. இழுத்தது. அந்தப் பக்கமும் இழுத்தது. தோல் முறுகி, விளிம்பில் நூல் நூலாகத் தெறிப்பது போல வலித்தது. “அண்ணா, வலிச்சா மறைக்காதே” என்று குழாயில் கத்திவிட்டு, தன்னிடம் இருந்த மொத்தத்தையும் கூட்டி ஒரு இழு இழுத்தது.

டொங்.

“ஏனுங்க, எனக்குக் கீழ என்னமோ டொங்குன்னுதுங்க” என்றார் தெய்வானை.

“டிக்கியில ஸ்டெப்னி ஆடியிருக்கும்” என்றார் நாச்சிமுத்து. முப்பது வருஷமாகக் கிரைண்டர் சத்தத்தில் இருந்த காது அவருடையது. அவர் சொல்லி முடிப்பதற்குள் கார் இரண்டு தரம் இருமி, கிணத்துக்கடவுக்குக் கொஞ்சம் முன்னால் சாலையோரம் நின்றது.

நாச்சிமுத்து ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தார். “நின்னுருச்சு பாய். பேச்சு பேச்சுதான்.”

“பேச்சு பேச்சுதானுங்க” என்றார் அமானுல்லா. ஆனால் அவர் முகம் தோற்றவன் முகமாக இல்லை. “அக்கா, எங்க கேட்டுச்சுன்னு சொன்னீங்க?”

“இங்க, எனக்குப் பின்னால, அடியில. தகரத்த யாரோ அமுக்கினாப்பல.”

அமானுல்லா இறங்கினார். ஆறு வாரத்தில் முதல் தடவையாகப் பானெட்டைத் திறக்கவில்லை. நேரே பின்பக்கம் போனார். குனிந்து டேங்க்கைத் தடவினார். தகடு ஒரு பக்கம் உள்வாங்கிக் குழிந்திருந்தது. அவர் நிமிர்ந்து மூடியைப் பார்த்தார். கை அதை நோக்கிப் போனது, சந்தனத்துக்கு ஒரு சாண் இருக்கும்போது நின்றது.

“அக்கா, கொஞ்சம் வந்து நீங்க தெறங்களேன்.”

தெய்வானை வந்து மூடியைத் திருகினார். ஸ்ஸ்ஸ்ஸ் என்று நீளமாக ஒரு சத்தம். வெளியே இருந்த காற்று உள்ளே பாய்ந்தது. டேங்க் மறுபடி டொங்கென்று வயிற்றைத் தள்ளி நேரானது. முன்னால் பம்ப்பின் கயிறு சட்டென்று தளர்ந்தது. தோல் கிழியவில்லை. ‘சொன்னேனில்ல’ என்று அது யாரும் கேட்காமலேயே சொல்லிக்கொண்டது.

அமானுல்லா வாய்விட்டுச் சிரித்தார். “பம்ப்பு மேல குத்தமில்ல, காயில் மேல குத்தமில்ல. இந்த மூடிக்கு நடுவுல ஊசிமொனை அளவுக்கு ஒரு தொளை இருக்குமுங்க. பெட்ரோல் போகப் போக அது வழியா உள்ள காத்து வரணும். அது அடைச்சிருச்சு. அரை மணி நேரம் ஓடினா டேங்க்கு மூச்சு முட்டிப் போகுது. நீங்க குச்சி விட்டுப் பாக்கத் தெறந்தப்ப எல்லாம் மூச்சு வந்துச்சு, வண்டி கெளம்புச்சு. அந்தப் பேரை நாமதான் ஒவ்வொரு சாமானுக்கா குடுத்துட்டு இருந்தோம்.”

தெய்வானை கையில் இருந்த மூடியைப் பார்த்தார். அவர் முகம் சுண்டிப்போனது. “நான் வெச்ச பொட்டாலயா? அன்னிக்கு ரயில் வந்தப்பவும் இதாலதானா? ஒண்ணும் ஆகக் கூடாதுன்னு கும்புட்டுத்தானே பாய் வெச்சேன்.”

“நல்லதுக்கு வெச்சதுதானுங்க அக்கா. எடம்தான் தப்பு.”

நாச்சிமுத்து நம்ப முடியாமல் நின்றார். “ஆறு வாரமா வண்டிய அக்கக்காக் கழட்டினீங்களே பாய், இது உங்க கண்ணுல படவே இல்லியா?”

அமானுல்லா துணியில் கையைத் துடைத்தார், துடைத்த கையையே மறுபடி துடைத்தார். “பட்டுச்சுங்ணா. தெனமும் பட்டுச்சு. அந்த எடத்துல தொளை இருக்கும்னும் எனக்குத் தெரியும். சாமிக்கு வெச்ச சந்தனம். அக்கா ஆசையா வெச்சது. நான் போய்ச் சுரண்டினா நீங்க என்ன நெனப்பீங்களோன்னு அந்தப் பக்கமே போகாம இருந்தேன். போகாம இருந்து இருந்து, அங்க தொளை இருக்கறதே மறந்து போச்சு.”

“கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா சங்கடமா ஆயிருமோன்னு...”

லாரி ஒன்று கடந்து போனது. பத்து வருஷமாக ரம்ஜானுக்குப் பிரியாணியும் தீபாவளிக்கு அதிரசமும் கொடுத்து வாங்கிக்கொள்கிற மூன்று பேர். ஒரு சந்தனப் பொட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க முடியாமல் ஒரு உயிரைத் தண்டவாளத்தில் நிறுத்தி வைத்திருந்தார்கள். அது மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. வெட்கமாக இருந்தது.

தெய்வானைதான் முதலில் அசைந்தார். தாலிக்கொடியில் மாட்டியிருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றினார். பாட்டில் தண்ணீரை ஊற்றிக் காய்ந்த சந்தனத்தைக் கரைத்து, துளையைத் தேடிக் குத்தினார். ஊக்கின் முனை மறுபக்கம் எட்டிப் பார்த்தது. மூடியைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தார். பிறகு ஊக்கை அமானுல்லாவின் கையில் வைத்தார்.

“இதை நீங்களே வெச்சுக்குங்க பாய். இனி எங்க அடைச்சிருந்தாலும் எங்களக் கேட்டுட்டு நிக்காதீங்க. குத்தி உட்ருங்க.”

அமானுல்லா ஊக்கைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டார். பானெட்டைத் திறந்து பம்ப்பின் தலையிலிருந்த துணியை அவிழ்த்தெறிந்தார். ஒரே தட்டில் கார் கிளம்பியது.

“டீசல் இன்ஜினுக்குச் சொல்லி வெச்ச ஆளுக்குப் போனைப் போட்டு வேண்டாம்னு சொல்லிருங்க பாய்” என்றார் நாச்சிமுத்து. கார் ராஜா மாதிரி பொள்ளாச்சியைப் பார்த்து ஓடியது. அரை மணி நேரம் ஆனது. முக்கால் மணி நேரம் ஆனது. இருமல் வரவில்லை.

பானெட்டுக்குள் ஒரே கொண்டாட்டம். மூடியைப் பிடுங்கி ரோட்டில் எறிய வேண்டும் என்று காயில் குதித்தது. “அது எதுக்கு? மூடி இல்லாம பெட்ரோல் சிந்தினா நீதான் முதல்ல எரிஞ்சு போவே” என்று பம்ப் அதை அடக்கியது. பிறகு குழாய் வழியாகப் பின்பக்கம் கூப்பிட்டது.

“என்ன மூடியாரே, சத்தத்தையே காணோம்? எப்படி இருக்கு?”

மெல்லிய விசில் சத்தத்தோடு பதில் வந்தது.

“கொஞ்சம் மரியாதை கொறஞ்ச மாதிரி இருக்கு.”

“மூச்சு வருதா?”

“வருது.”

“அப்ப சரி. வாங்க, போலாம்.”